சிவப்புக் கண்ணாடியும் ராஜம்மாவின் பொட்டும்

கீழேயிருந்து விளக்குப் போட்டால் பேய் வராது. தாடை வரும், மூக்குத் துவாரம் வரும், அவ்வளவுதான்.

போன மாதம் புகைப்படச் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண்ணைப் பேய் மாதிரி வைத்துப் படமெடுக்கப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். தாங்கள் எடுத்துப் பார்த்த மாதிரிப் படங்களையும் காட்டினார்கள். முகமெல்லாம் மாவு, வாயோரம் சாயம், காலடியில் விளக்கு. எனக்குச் சிரிப்புகூட வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆன்டி, இதுதான் ஹாரர் லைட்டிங்" என்றான் ஒருவன். அப்படியானால் என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பியது சரியில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நைசாக எழுத வராது.

காஜா பேராங் ரோட்டுக் கடை வரிசையில் இருந்த ஒரு ஸ்டூடியோவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. முதலாளி சீனர், பெயர் லோ. நாங்கள் தவுக்கே என்றே கூப்பிடுவோம். சேர்ந்தபோது எனக்கு இரண்டு வேலை. படமெடுக்க வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்து ஊசி குத்தவேண்டும். மற்ற நேரத்தில் நெகட்டிவுக்கு டச்சப் செய்யவேண்டும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சிலால் தீட்டினால் படத்தில் வெளுப்பாக வரும். கத்தி முனையால் சுரண்டினால் கறுப்பாக வரும். அம்மைத் தழும்பை மூட, கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியை மூட பென்சில். மீசையைக் கறுப்பாக்கக் கத்தி. நம் ஆட்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. செத்துப்போனவருக்குத் தனிப்படம் இருக்காது. குடும்பப் படத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி மாலை போடுகிற மாதிரி செய்து கொடுப்போம். கணவனுக்கு முன்னால் போன பெண்ணாக இருந்தால் பொட்டு பளிச்சென்று தெரியவேண்டும். விதவையாகச் செத்தவளாக இருந்தால் பழைய படத்தில் உள்ள பொட்டை மூடவேண்டும். பொட்டு வைப்பதும் எடுப்பதும் என் கைதான். இது ஊருக்கே தெரியும். பாசாரில் என்னைப் பார்த்தால், "அதோ பொட்டு எடுக்கிற அஞ்சலை" என்று காது கேட்கவே பேசுவார்கள். போங்கடி என்று நானும் மீன் வாங்கிக்கொண்டு வருவேன்.

சில வருடத்தில் விளக்குப் பக்கம் வந்தேன். தவுக்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெண்கள் ஆம்பிளை முன்னால் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், நான் விளக்கைத் தூக்கினால் கொஞ்சம் தளர்ந்தார்கள். அதனால் வந்தது.

தவுக்கேயைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் யாரையும் தொட்டுத் திருப்பமாட்டார். எதிரே நின்று தன் தாடையைத் தூக்குவார், உட்கார்ந்திருப்பவரும் தூக்குவார். தன் தோளைச் சாய்ப்பார், அவரும் சாய்ப்பார். விளக்கை ஸ்டாண்டில் பூட்டியதும் முதலில் தானே ஸ்டூலில் போய் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். சூடு கன்னத்தில் எங்கே விழுகிறது, நெற்றியில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். "இன்னும் மேலே. இன்னும். சுடா" என்பார். போதும் என்று அர்த்தம். கண்ணைத் திறந்து பார்த்து விளக்கு வைத்து நான் அவரைக் கண்டதில்லை. கோபம் வந்தால் மனிதரைத் திட்டமாட்டார், விளக்கைத் திட்டுவார். எனக்கு நேர்மாறு.

வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும், ஐ.சி.க்குப் படம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு விளக்கு, நேர்ப்பார்வை, நிழலே கூடாது. நாள் முழுக்க அதுதான். அந்த மாதிரி வெளிச்சத்தில் எந்த முகமும் மாவுப் பலகைதான். ஆனால் அதில்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லாம் சரியாகத் தெரிகிற முகத்தில் பயம் இல்லை. தெரியவேண்டியது ஒன்று தெரியாமல் போனால்தான் பயம். பேய்க்கு எதையும் கூட்டக்கூடாது, ஒன்றைக் குறைக்கவேண்டும். பிள்ளைகளே, முதல் பாடம் இதுதான்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். சிதம்பரம் என்று ஒரு நாடகக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தெங்கேராவில் ஒரு மண்டபத்தில் நாடகம் போடுகிறாராம். தமிழ் நாடகம், ஆனால் பேய் நம்ம ஊர்ப் பேய். பிரசவத்தில் செத்த பெண் பொந்தியானாக்காக வருகிறாள். பிடரியில் ஆணி அடித்தால் திரும்பவும் பெண்ணாகிவிடுவாள். எங்கள் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் நோட்டீசில் போடவும் அந்தப் பேயின் படம் வேண்டும் என்றார்.

"மோகினி கீகினின்னா ஒருத்தனும் வரமாட்டான். பொந்தியானாக்னா மலாய்க்காரன், சீனன் எல்லாரும் வருவான்" என்றார் சிதம்பரம்.

கூட ஒரு பெண் வந்திருந்தாள். ராஜம்மா. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அதுவரை அந்தக் குழுவில் பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். முதல் முறையாக ஒரு பெண். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவள், நடிக்கவேண்டும் என்று ஆசை. கணவன் லோரி ஓட்டுநர். சிகாமட், குளுவாங் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிறவன். அந்த ரோட்டில் அப்போது லோரியை மறித்துக் கொளுத்தினார்கள், சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி வருவது நிச்சயமில்லை. நடிக்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான். மாமியார் வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சிதம்பரம் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சேலை, விரித்த தலை, நெற்றியில் ஒன்றும் கூடாது.

"தலையை விரிச்சுக்கறேன்" என்றாள் ராஜம்மா. "வெள்ளைச் சேலை கட்டமாட்டேன். பொட்டை அழிக்கமாட்டேன்."

"என்னா தங்கச்சி, ஒரு நிமிச வேலை. துடைச்சிட்டு மறுபடி வச்சிக்க."

"அவரு ரோட்டுல இருக்காரு."

"அடடா, இது படம்லா!"

"பிரசவத்துல செத்தவ சுமங்கலிதானே? அவளைப் பொட்டு வச்சுத்தானே அனுப்புவாங்க?"

"பொந்தியானாக் என்னா மாரியம்மன் கோயிலுக்கா போவுது, பொட்டு வச்சுக்கிட்டு?" என்றார் சிதம்பரம். "பொட்டோட ஒரு பேயி பல்லைக் காட்டினா, ஜனங்க விபூதி கேட்பான்."

அவர் சொன்னதும் தப்பில்லை. பொட்டு இருந்தால் அது பக்கத்து வீட்டுப் பெண். நானே பென்சிலால் மூடித் தருகிறேன் என்று சொன்னேன். ராஜம்மா தலையை ஆட்டினாள். "எடுத்தாச்சுன்னா எடுத்ததுதான் அக்கா. கையால எடுத்தா என்னா, பென்சிலால எடுத்தா என்னா" என்றாள். சிதம்பரம் எழுந்துவிட்டார், பழையபடி ஆம்பிளைக்கே வேடம் கட்டப்போவதாகச் சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது.

தவுக்கே ஸ்டூலிலிருந்து எழுந்தார். உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். "அழிக்காதே. துடைக்காதே. சேலை மஞ்சள் கட்டு" என்றார் தன் தமிழில். "நான் பார்த்துக்கறேன்."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் சாதாரணமாகப் பழைய வகை பிளேட்தான். அதற்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், வெற்றிலைபோட்ட உதடு எல்லாவற்றையும் கறுப்பாகக் காட்டும். எல்லா நிறமும் தெரிகிற பான் பிளேட்டும் கொஞ்சம் இருந்தது. அதைக் கழுவ முழு இருட்டு வேண்டும், சிவப்பு விளக்குக்கூட ஆகாது என்பதால் தவுக்கேக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. அந்தப் பிளேட்டைப் போட்டு, லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால், சிவப்பான எல்லாம் வெளுத்துவிடும். குங்குமம் தோலோடு தோலாகப் போய்விடும். உதட்டில் ரத்தம் இருக்காது. மஞ்சள் சேலை வெள்ளையாகிவிடும். கறுத்த கண்மை மட்டும் அப்படியே நிற்கும்.

மறுநாள் ராஜம்மா மஞ்சள் சேலையில், காசு அகலத்துக்குக் குங்குமத்தோடு வந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தாள். சிதம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் கீழேயிருந்து விளக்கு வேண்டும் என்று கேட்டார். தவுக்கே தரையில் விளக்கை வைத்து, கேமராவின் பின்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். சிதம்பரம் பார்த்தார். "கரும்பு கடிக்கிற மாதிரி இருக்கே" என்றார். அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

பிறகு வேலை தொடங்கியது. பின்னால் கறுப்புத் துணி, அதற்கு விளக்கே இல்லை. தலைமுடி அந்தக் கறுப்பில் கரைந்துபோகவேண்டும். ஒரே விளக்கு, தலைக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கம். தவுக்கே ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்தார். சூடு புருவத்தில் நின்று கன்னத்து எலும்பில் விழும்வரை என்னை ஏற்றச் சொன்னார். அப்போது கண்குழி இரண்டும் இருட்டாகிவிடும். வலது பாதி முகத்துக்குப் பக்கத்தில் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தினோம், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வரக்கூடாது என்பதற்காக. கடைசியில் பிஸ்கட் டின் மூடி ஒன்றை ராஜம்மாவின் மடிக்கு மேலே என்னைப் பிடிக்கச் சொன்னார். அதை மெல்லத் திருப்பத் திருப்ப, இடது கண்ணில் மட்டும் ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது.

"ஒரு கண்ணு போதும்" என்றார் தவுக்கே.

சிவப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் நெடுநேரம் அசையாமல் இருக்கவேண்டும். கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தோம். தவுக்கே மலாயில் மெதுவாக எண்ணினார். விளக்குச் சூட்டில் குங்குமத்திலிருந்து ஒரு துளி வேர்வை மூக்கின்மேல் இறங்கியது. ராஜம்மா இமைக்கவில்லை. பல்லைக் காட்டவில்லை, முறைக்கவில்லை, கையைத் தூக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

படம் காய்ந்ததும் பார்த்தேன். எத்தனையோ செத்தவர் முகத்தைப் பெரிதாக்கியவள் நான். நானே அதைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெளுத்த உதடு, இருட்டுக்குள் ஒரே கண். சிதம்பரம் சட்டம் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் நடுவில் வைக்கச் சொன்னார். ஐந்தடி நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் மலாய்க்காரர் மாதிரி கெபாயாச் சட்டை போடும் செட்டி வீட்டு அம்மா ஒருவர், "அடோய்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தார்.

அந்த வாரம் ராஜம்மாவின் கணவன் வரவேண்டிய நாளில் வரவில்லை. சேதியும் இல்லை. ரோட்டில் எங்கோ சுட்டார்கள் என்று பேச்சு. அந்தச் சமயம் பார்த்து, பாசாருக்கு வந்த மாமியார் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் ராஜம்மாவின் துணிப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டார். "என் மகன் உயிரோட இருக்கும்போதே தாலி அறுத்துப் படம் எடுத்தவ, என் வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றாராம். ராஜம்மா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். தான் பொட்டை அழிக்கவே இல்லை என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். யார் நம்புவார்கள்? படம் பொய் சொல்லாது என்பார்கள் எல்லாரும்.

மறுநாள் மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்தார். மாமியார், கணவர் செத்து வெகுகாலம் ஆனவர். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. நேராக என்னிடம் வந்தார்.

"உன் வேலைதானே? கத்தியால சுரண்டி எடுத்திட்டே. ஊருக்கே தெரியும் உன் கைவேலை."

கத்தியால் சுரண்டினால் பொட்டு வரும், போகாது. அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. எனக்கும் சூடு ஏறிவிட்டது. "வாங்க, காட்டறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். என்னோடு ஸ்டூடியோவுக்கு வந்திருந்த ராஜம்மாவை விளக்கு முன்னால் உட்காரவைத்தேன். நெற்றியில் குங்குமம் இருந்தது. சிவப்புக் கண்ணாடியை எடுத்து அந்த அம்மாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"இப்ப பாருங்க. பொட்டு இருக்கா?"

அவர் பார்த்தார். கண்ணாடியை விலக்கிப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாங்கிப் பார்த்தாள். "ஆத்தாடி, காணோமே!" என்றாள்.

தீர்ந்தது என்று நினைத்தேன். மாமியார் கண்ணாடியை என் கையில் திணித்தார்.

"அப்ப கையால அழிக்கல. கண்ணாடி போட்டு அழிச்சிருக்கீங்க. என்னா வித்தியாசம்? வெளியில அந்தப் படத்தைப் பார்க்கிறவன் எல்லாம் கண்ணாடி வச்சா பார்க்கிறான்? என் மருமக தாலியறுத்து நிக்கிறான்னுதானே பார்க்கிறான்?"

 இதுவரை என் வாயை யாரும் அப்படி அடைத்ததில்லை. தவுக்கே வெளியே போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்துவைத்தார். மாமியார் அதையும் பார்த்துவிட்டு, "பார்த்தவங்க பார்த்தாச்சு" என்று சொல்லிப் போனார்.

இரண்டு நாளில் கணவனிடமிருந்து சேதி வந்தது. லோரி அச்சு முறிந்து சிகாமட்டில் கிடக்கிறதாம், ஆள் சுகமாம். ராஜம்மா அதைச் சொல்ல ஓடினாள். மாமியார் கதவைத் திறக்கவில்லை. "என் மகன் பிழைச்சது முருகன் புண்ணியம். உன் புண்ணியம் இல்ல" என்று உள்ளேயிருந்தே சொன்னார். அவருக்குக் கோபத்தைவிட ஊர்ப் பேச்சுக்குப் பயம்தான் அதிகம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிய பேச்சு அப்படி.

திரும்பி வந்த ராஜம்மா அழவில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து சிவப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். போதும் கீழே வை என்றேன்.

"அக்கா, கண்ணாடி சிவப்பா இல்லாம விளக்கே சிவப்பா இருந்தா?"

"இருந்தா?"

"அப்பயும் பொட்டு தெரியாதில்ல?"

நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி, சாமிச் சாமான் விற்கும் சீனன் கடையில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கிவந்தார். விளக்கில் சுற்றினோம், ஜன்னலைச் சாத்தினோம். ராஜம்மா விளக்கு முன்னால் நின்றாள். நெற்றி வெறுமை. அந்தச் சிவப்பில் மஞ்சள் சேலை வெள்ளைச் சேலை மாதிரி. நான் தாளை உருவினேன். குங்குமமும் மஞ்சளும் கண்ணில் அடித்தன.

"ஆணி அடிக்கிற சீனு" என்றாள் ராஜம்மா. "பேயி பொம்பளையா மாறுதில்ல, அங்க."

சிதம்பரம் அந்தக் காட்சியில் திரை போட்டு, அவளை உள்ளே அனுப்பி, சேலை மாற்றி, பொட்டு வைத்துக் கொண்டுவருவதாகத்தான் வைத்திருந்தார். திரையே வேண்டாம் என்றதும் அவரால் உட்காரமுடியவில்லை. மண்டபத்தில் இரண்டு வரிசை விளக்குக் கட்டினோம். ஒரு வரிசை சிவப்பு, ஒரு வரிசை வெள்ளை. நாள் முழுக்கத் தவுக்கே மேடையில் ஸ்டூல் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்து இடம் சொன்னார். சுவிட்ச் என் கையில்.

மாமியாரைக் கூப்பிட நானே பத்து பெரெண்டாமுக்குப் போனேன். நயமாகப் பேச எனக்கு வராது. "ஊரே பார்த்துப் பேசினாங்கல்ல? ஊரோட உட்கார்ந்து நீங்களும் பாருங்க. அதுக்கப்புறமும் பெட்டியை வாசல்ல வைக்கணும்னா வைங்க" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் வந்தார். குழாயடிப் பெண்களும் வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ராஜம்மா சிவப்பு வெளிச்சத்தில் வந்தபோது மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. குழந்தைகள் அழுதன. வெறும் நெற்றியும் வெள்ளைச் சேலையுமாக அவள் முன்னால் வர வர, குழாயடிப் பெண்கள் மாமியாரைத் திரும்பிப் பார்த்ததை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன். மாமியார் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கதாநாயகன் ஆணியை ஓங்கினான். நான் சிவப்பை அணைத்து வெள்ளையைப் போட்டேன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை, அவள் கை நெற்றிக்குப் போகவில்லை. மஞ்சள் சேலை. காசு அகலத்துக்குக் குங்குமம். மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது, கைதட்டல் இல்லை, மூச்சு. "பொட்டு! பொட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். சிதம்பரம் என்னிடம் ஓடிவந்து, இன்னொரு தடவை மாற்று என்று கெஞ்சினார். மாற்றினேன். சிவப்பு, வெள்ளை. சிவப்பு, வெள்ளை. கதாநாயகன் ஆணியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஜனம் விசில் அடித்தது.

நாடகம் முடிந்ததும் மாமியார் மேடைக்குப் பின்னால் வந்தார். நாங்கள் எல்லாரும் விலகி நின்றோம். ராஜம்மாவுக்கு எதிரே நின்று நெற்றியை உற்றுப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்தக் குங்குமத்தை அழுத்தினார். விதவை அதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. விரலை எடுத்துப் பார்த்தார். சிவப்பு ஒட்டியிருந்தது.

"அத்தை" என்றாள் ராஜம்மா.

"பெட்டி எங்க?"

"அஞ்சலை அக்கா வீட்டுல."

"எடுத்துக்கிட்டு வா. வாடகைக் காடி வெளியில நிக்குது."

  மாமியார் இடது கையால் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, சிவப்பு ஒட்டிய வலது கட்டைவிரலை எதிலும் படாமல் தனியே தூக்கிப் பிடித்தபடி, கூட்டத்துக்கு நடுவே காடிவரை நடந்து போனார். துடைக்கவே இல்லை.